தேன்தின்னி

அப்பாவின் காதுகளில் அம்மா பஞ்சு வைத்ததை வார்டில் எல்லோரும் பாராட்டினார்கள்.

குளிர்சாதனக் காற்று நேராக அவர் கட்டிலின் மேல்தான் விழுந்தது. பாதி மழித்த தலையில் தையல் இன்னும் காயவில்லை. அம்மா கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்து, விரல்களால் உருட்டி, ஒரு காதில் வைத்து அழுத்தினாள். தலையை மெல்லத் திருப்பி மறு காதிலும் வைத்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி சலேஹா, இப்படிப் பார்த்துக்கொள்ள ஒருத்தி கிடைத்தவர் கொடுத்துவைத்தவர் என்று மலாயில் சொன்னார். அம்மா தலையைக் குனிந்து வாயை மூடியபடி சிரித்தாள். அவளுக்கு அந்த ஒரு சிரிப்புதான் உண்டு.

பஞ்சுக்குச் சில வாரங்களுக்கு முன்பு அப்பா ஜுருவில் விழுந்தார். அங்கே அவருக்குப் பழைய கார்கள் விற்கும் யார்டு இருந்தது. வெயிலில் நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவே, வந்தவருக்கு ஒரு காரின் கதவைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தபோது, சாவிக்கொத்தைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். மூளையின் இடது பக்கத்தில் இரத்தக் கசிவு. அறுவை செய்தார்கள். உயிர் தங்கியது. வலது கையும் காலும் போயின, பேச்சு போயிற்று. கண்கள் திறந்திருக்கும். ஆனால் அந்தக் கண்களுக்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

"உள்ளதான் இருக்காரு," என்றாள் காமினி. பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண். உயரமான, வேகமாகப் பேசுகிற, எந்த நேரமும் எதையாவது மென்றுகொண்டிருக்கிற பெண். "வீட்டுக்குள்ள தூங்குறவங்கள எப்படி எழுப்புவீங்க? வாசல்ல நின்னு பேரச் சொல்லிக் கூப்பிடுவீங்கள்ல. அதான். தெரிஞ்ச குரலு, அவரோட சொந்தப் பேரு. இந்த முதல் சில வாரம்தான் முக்கியம். விட்டுட்டா அப்புறம் அவரு வர்றது கஷ்டம் லா."

"மிஸிங்க கூப்பிடுறாங்களே," என்றாள் அம்மா, அந்தப் பக்கம் போன நர்ஸுகளைக் காட்டி.

"அவங்க அங்கிள்னு கூப்பிடுறாங்க. இந்த வார்டு முழுக்க அங்கிள்தான். எந்த அங்கிள்னு அவருக்கு எப்படித் தெரியும்? நீங்க கூப்பிடுங்க ஆன்ட்டி."

"நான் பேர் சொல்ல மாட்டேம்மா."

"ஏன்?"

"புருஷன் பேரச் சொல்றதில்ல."

காமினி மெல்வதை நிறுத்தினாள். "இன்னுமா? எங்கம்மா எங்கப்பாவ பேரச் சொல்லித்தான் திட்டுவாங்க. பக்கத்து வீட்டுக்கே கேக்கும்."

"குடுத்துவச்சவங்க," என்றாள் அம்மா.

காமினி என்னைப் பார்த்தாள். நான் அப்பாவின் காதருகே குனிந்து "அப்பா" என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. "இந்த வார்டுல எத்தன பேரு அப்பா," என்று காமினி சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் பெயர் இருந்ததில்லை. யார்டில் அவர் தவுக்கே, அதாவது முதலாளி. அவருக்கு முன்னால் எங்களுக்கு அப்பா. அவர் இல்லாதபோது அம்மா அவரைச் சாவி என்பாள். "சாவி இன்னிக்குச் சீக்கிரம் வந்துரும், டிவிய அமத்து." "சாவிக்கு ரசத்துல உப்பு பத்தலையாம்." யார்டின் சாவிகளை எல்லாம் ஒரு பெரிய இரும்பு வளையத்தில் கோத்து எந்நேரமும் கையில் வைத்திருப்பார். ஜெலுத்தோங்கில் எங்கள் வரிசை வீட்டு வாசலில் அந்தச் சத்தம் கேட்டதும் அக்கா மாடிக்கு ஏறிவிடுவாள், நான் ஏதாவது ஒரு புத்தகத்துக்குள் போய்விடுவேன், அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள். அவர் எங்கள் கண்களைப் பார்த்துப் பேசுவார். நாங்கள் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருப்போம். அடிக்கும்போது அந்த வளையத்தை விரல்களுக்கு இடையே பிடித்துக்கொள்வார்.

நான் டாக்டருக்குப் படிக்க ரஷ்யா போனவன். வோல்கா நதிக்கரையில் ஒரு ஊர். இரண்டாம் ஆண்டில் திரும்பி வரச் சொன்னார்கள், வந்துவிட்டேன். இப்போது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அப்துல் ரஹீம் பாயின் அத்தர் கடையில் வேலை. பாய் நல்ல மனிதர். வருகிறவர்களிடம் எல்லாம் என்னைக் காட்டி, "டாக்டருக்குப் படிக்கப் போன பய, அத்தர் விக்கிறான். அத்தர் விக்கப் பொறந்தவன் நான், எல்லா வியாதியும் எங்கிட்டதான் இருக்கு. நாங்க ரெண்டு பேரும் எடம் மாறிப் பொறந்துட்டோம்," என்பார். கூட்டம் இல்லாத நேரத்தில் பின்பக்கம் உட்கார்ந்து படிக்க விடுவார். ரஷ்யாவிலிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மொழியும், அந்த மொழியின் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று தேடுகிற பழக்கமும்தான். யாருக்கும் உதவாத பழக்கம். மருத்துவமனையிலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

"என்ன படிக்கிற?" என்று ஒரு மத்தியானம் அம்மா கேட்டாள். அவள் அப்படிக் கேட்பதில்லை. அப்பாவின் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"கரடியப் பத்தி."

"ஸ்பித்தால்ல உக்காந்துகிட்டு கரடியா?"

"கரடிக்கு ரஷ்யக்காரங்க மொழியில ஒரு சொல் இருக்கும்மா. அது எப்படி வந்துச்சுன்னு."

அவள் நிமிரவில்லை. ஆனால் நகவெட்டி நின்றது. அதனால் சொன்னேன்.

ரஷ்யமும் போலிஷும் செக்கும் செர்பியமும் ஒரே தாய்க்குப் பிறந்த மொழிகள். அந்தத் தாயை மூல ஸ்லாவியம் என்கிறார்கள். அவளுக்கு எழுத்து கிடையாது. பேசப்பட்டு, பேசப்பட்டு, மறைந்துபோனாள். அறிஞர்கள் மகள்கள் பேசுவதை வரிசையாக வைத்துப் பார்த்து, தாய் என்ன சொல்லியிருப்பாள் என்று திரும்பக் கட்டுகிறார்கள். அப்படிக் கட்டிய சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவார்கள். இதை எழுதி யாரும் பார்த்ததில்லை என்று அதற்குப் பொருள். கரடிக்கு அவர்கள் கட்டிய சொல் மெத்வேதி. முன்னால் ஒரு நட்சத்திரம். ரஷ்யாவில் எனக்கு மொழி சொல்லிக்கொடுத்த ஆசிரியை, அதற்குத் 'தேனை அறிந்தவன்' என்று பொருள் என்றார். ரஷ்யர்களில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது பிழை. சொல்லின் முதல் பாதி தேன். நாம் மது என்கிறோமே, அதன் உடன்பிறப்பு. பின் பாதி தின்பது. தேன்தின்னி. அவ்வளவுதான்.

"அது பட்டப்பேருல்ல," என்றாள் அம்மா. "சொந்தப் பேரு என்ன?"

"போச்சு. அவங்களோட தூரத்துச் சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் அந்தப் பழைய பேரு இருக்கு. சமஸ்கிருதத்துல ரிக்ஷம், கிரேக்கத்துல ஆர்க்டோஸ். இவங்ககிட்ட மட்டும் இல்ல."

"ஏன்?"

"சொல்லாம விட்டுட்டாங்க. காட்டுல வேட்டைக்குப் போறவங்க. பேரச் சொன்னா அது கேட்டுகிட்டு வந்துரும்னு பயம். அப்படித்தான் இருந்திருக்கும்னு சொல்றாங்க. அதனால தேன்தின்னி, தேன்தின்னின்னு சொல்லிகிட்டிருந்தாங்க. அவங்க பிள்ளைங்களுக்குத் தேன்தின்னி மட்டும்தான் தெரியும். பேரன்களுக்கு வேற பேரு ஒண்ணு இருந்ததே தெரியாது."

அம்மா மறுபடி நகம் வெட்ட ஆரம்பித்தாள். சுண்டுவிரலை முடித்தாள். வெட்டிய துண்டுகளை ஒரு காகிதத்தில் சேர்த்து மடித்தாள். நான் பக்கத்தைத் திருப்பவில்லை.

"புத்திசாலிங்க," என்றாள்.

அதற்கும் வெகுநேரம் கழித்து, "கரடி வந்துச்சா?" என்று கேட்டாள்.

"எப்ப?"

"பேரச் சொல்லாம இருந்தாங்கள்ல. அப்ப."

"வந்துகிட்டுதான் இருந்திருக்கும். பேருதானே போச்சு. கரடி இருக்கே."

அம்மா கட்டிலைப் பார்த்தாள். அப்பாவின் வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் வழிந்திருந்தது. துண்டை எடுத்து அதைத் துடைத்தாள்.

அந்த வாரம் பொன்னம்மை அத்தை வந்தார். அப்பாவின் அக்கா, சுங்கை பாக்காப்பில் தனியாக இருக்கிறார். முட்டிவலி. யாரோ தெரிந்தவரின் காரில் கடல் பாலத்தைக் கடந்து வந்து, வார்டுக்குள் நுழையும்போதே அழ ஆரம்பித்துவிட்டார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சோமு. டேய் சோமு. அக்கா வந்துருக்கேன்டா," என்றார்.

அந்தப் பெயரை நான் அதுவரை பத்திரங்களில்தான் பார்த்திருந்தேன். வாயால் ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை. இத்தனை சின்னப் பெயரா என்று தோன்றியது. ஒரு சின்னப் பையனுக்கு வைக்கிற பெயர். இதையா சொல்லாமல் இருந்தோம்.

அப்பாவின் கண்கள் நகர்ந்தன. கூரையிலிருந்து மெல்ல இறங்கி, அத்தையின் பக்கம் வந்து, அங்கேயே நின்றன.

காமினி அப்போது வார்டில் இருந்தாள். ஓடி வந்தாள். "இன்னொரு தடவ கூப்பிடுங்க ஆன்ட்டி."

"சோமு."

இடது கையின் விரல்கள் மடங்கின.

காமினி என் தோளைத் தட்டினாள். அத்தை தினமும் வர முடியாது என்று தெரிந்ததும் தன் கைப்பேசியிலேயே அவர் குரலைப் பதிவு செய்து எனக்கு அனுப்பினாள். சோமு, எழுந்திரு. சோமு, அக்கா பேசுறேன். சின்ன வயதில் அப்பா ஆற்றில் விழுந்தது, மாங்காய் திருடியது, எல்லாம் அதில் இருந்தது. காதில் இயர்போனைச் செருகி, தினமும் காலை, மத்தியானம், சாயங்காலம் கேட்கவிடச் சொன்னாள். "இது ஒண்ணுதான் இப்ப மருந்து," என்றாள்.

அத்தை கிளம்பும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ நல்லா பாத்துக்குவ தனம். உன்ன மாதிரி பொறுமைசாலி யாரு இருக்கா?"

"நான் பாத்துக்குறேன் அண்ணி," என்றாள் அம்மா.

மறுநாள் நான் கடையிலிருந்து வந்தபோது அப்பாவின் காதுகளில் பஞ்சு இருந்தது.

"பதிவ போட்டியாம்மா?"

"ஏசி காத்து காதுக்குள்ள போவுதுடா. தலையில அடிபட்டவங்களுக்கு ஆகாது." இயர்போனின் கம்பியை அவள் அழகாகச் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு, மேசை அறைக்குள் வைத்திருந்தாள்.

மிஸிகளும் தடுக்கவில்லை. வயதானவர்களுக்கு எங்கள் வீடுகளில் பஞ்சு வைப்பது அவர்களுக்கும் தெரியும். பதிவைப் போடும்போது எடுத்துவிடுவதாகக் காமினியிடம் அம்மா சொல்லியிருந்தாள். அப்பாவின் கண்கள் மறுபடி கூரைக்குப் போயின. விரல்கள் நீண்டு கிடந்தன. நாலைந்து நாளில் காமினி முகம் வாடியது. "போன வாரம் நல்லா வந்தாரே," என்றாள். பிறகு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கெஞ்சினாள். "ஆன்ட்டி, ரெக்கார்டிங் பத்தல. ஆளு வேணும். உங்க குரல்தான் அவருக்கு நல்லாத் தெரியும். அவர் பேரச் சொல்ல வேணாம். வேற யாரு பேராச்சும் சொல்லுங்க. அவரு மனசுல இருக்குறவங்க. பிள்ளைங்க பேரு."

அம்மா அவளையே பார்த்தாள்.

"பிள்ளைங்க பேரு சொல்லலாமா?"

"சொல்லலாம் லா. அதான் நல்லது."

அக்காவின் பெயர் தனுஜா. அந்த யார்டின் பெயரே ஒரு காலத்தில் தனுஜா மோட்டார்ஸ். அப்பா அவளை அப்படி வைத்திருந்தார், அவர் சொன்னதை அவள் கேட்கிறவரைக்கும். நான் ரஷ்யாவில் இருந்தபோது, யார்டில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிற வாசுவோடு அவள் ஈப்போவுக்குப் போய்விட்டாள். அப்பா போய்த் தேடவில்லை. என் படிப்பை நிறுத்தினார். "ஒருத்தி படிச்சுக் கிழிச்சது போதும்" என்றார். யார்டின் பலகையில் வெள்ளை அடிக்கச் சொன்னார். அது மலிவான பெயின்ட். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது அடியில் இருந்த எழுத்துகள் தெரியும். வீட்டிலும் ஒரு சட்டம் போட்டார். அந்தப் பேர் இந்த வீட்டில் இல்லை. பேர் இல்லை என்றால் ஆள் இல்லை. அம்மா ஒருமுறை மறந்து, மாடியைப் பார்த்து, சாப்பிட வரும்படி அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை. சாப்பிட வாய் திறக்க முடியாதபடி இருந்தது.

பிறகு அக்காவுக்கு டெங்கு வந்தது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வாசு வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தார். அப்பா எடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "யாரு? அப்படி யாரும் இந்த வீட்ல இல்லையே," என்று சொல்லி வைத்துவிட்டார். மேசைக்கு வந்து உட்கார்ந்து, "இன்னொரு கரண்டி போடு," என்றார். அம்மா போட்டாள். ரசமும் ஊற்றினாள். யார் அழைத்தது, எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. சாயங்காலம் அத்தை அழைத்து, அக்கா இறந்துவிட்டாள் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. அம்மா கூடத்தில் அப்படியே உட்கார்ந்து, மார்பில் கையை வைத்து, வாயைத் திறந்தாள். பெயரைச் சொல்லித்தானே அழுவார்கள். பெயரைச் சொல்லாமல் எப்படி அழுவது? 'த' என்ற எழுத்து வெளியே வந்தது. அதற்குள் சாவி வளையம் அவள் புருவத்தில் விழுந்தது. அந்தத் தழும்பு இருக்கிற இடத்தில் இப்போதும் முடி முளைப்பதில்லை. ஈப்போவுக்கு யாரும் போகவில்லை.

காமினி சொன்ன அன்று அம்மா ஒரு காதின் பஞ்சை எடுத்தாள். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அப்பாவின் மேல் குனிந்தாள். கணவன் மனைவி பேசிக்கொள்வதைக் கேட்கக்கூடாது என்பதுபோல் காமினி கொஞ்சம் தள்ளி நின்றாள். நான் கட்டிலின் மறுபக்கம் இருந்தேன். எனக்குக் கேட்டது.

"தனுஜா."

சத்தமாக இல்லை. திட்டுவதுபோலும் இல்லை. தூங்குகிற குழந்தையைப் பள்ளிக்கு எழுப்புவதுபோல் சொன்னாள்.

"தனுஜா. தனுஜா."

கூரையிலிருந்த கண்கள் கீழே வந்தன. இடது கை படுக்கை விரிப்பைப் பற்றியது. பக்கத்தில் இருந்த இயந்திரத்தில் எண்கள் ஏறின. ஒரு கண்ணிலிருந்து மட்டும் நீர் வழிந்து, பஞ்சு இல்லாத காதுக்குள் போயிற்று.

"பாருங்க ஆன்ட்டி," என்றாள் காமினி. அவளுக்கே கண் கலங்கியிருந்தது. "கேக்குது அவருக்கு. இதையே சொல்லுங்க. தினமும் சொல்லுங்க."

"சொல்றேன்மா," என்றாள் அம்மா. காதைத் துடைத்துவிட்டு, பஞ்சைத் திரும்ப வைத்தாள்.

பிறகு அப்பாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். கீழறையில் கட்டில் போட்டோம். சாவி வளையத்தை மருத்துவமனையில் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அம்மா அதைக் கட்டிலுக்கு எதிரே, அவர் கண்ணுக்கு நேராக ஓர் ஆணியில் மாட்டினாள். அவரைக் குளிப்பாட்டினாள், புண் வராமல் புரட்டினாள், குழாய் வழியே கஞ்சி ஊற்றினாள். எதிலும் குறை வைக்கவில்லை. மின்விசிறிக் காற்று ஆகாது என்று பஞ்சும் இருந்தது. காலையிலும் மத்தியானத்திலும் சாயங்காலத்திலும் அதை எடுத்து, அக்காவின் பெயரைச் சொல்லி, திரும்ப வைத்தாள். விளக்கேற்றுவதுபோல அதற்கு ஒரு நேரம் இருந்தது. மற்ற நேரமெல்லாம் அவருக்கு உலகம் இல்லை. அத்தை தொலைபேசியில் அழைத்து, தம்பியிடம் கொடு, நாலு வார்த்தை பேசுகிறேன் என்பார். "தூங்குறாங்க அண்ணி," என்பாள் அம்மா.

நான் ஒன்றும் கேட்கவில்லை. இரவில் படித்துக்கொண்டிருக்கையில் அந்த வேட்டைக்காரர்கள் நினைவுக்கு வருவார்கள். அவர்களைப் பயந்தவர்கள் என்றுதான் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. பயந்தவர்கள் எத்தனை காலம் பயந்துகொண்டே இருக்க முடியும்? ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை. அதற்குப் பிறகும் அவர்கள் பெயரைச் சொல்லவில்லையே. கரடியைக் குழிக்குள் தள்ளி, மேலிருந்து எட்டிப் பார்க்கும்போதும் சொல்லவில்லை. அப்போது அது பயமாக இருந்திருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். நான் கீழறைக்குப் போய் அப்பாவின் ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தேன். குனிந்தேன். அந்தச் சின்னப் பெயர் என் நாக்கில் இருந்தது. அத்தைபோல் ஒரு தடவை சொன்னால் போதும். கண்கள் என் பக்கம் திரும்பின. ஆனால் அவை என் முகத்துக்கு வரவில்லை. என் கையில் நின்றன. கையில் என்ன வைத்திருக்கிறேன் என்று பார்த்தன.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இந்த வீட்டில் நாங்கள் மூன்று பேரும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கையை விரித்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. பஞ்சை வைத்தேன். கொஞ்சம் அழுத்தித்தான் வைத்தேன்.

குழாயை எடுத்துவிட்டு வாயால் ஊட்ட ஆரம்பித்திருந்த நாட்களில், அப்பா எப்படி இருக்கிறார் என்று பார்க்க காமினி வீட்டுக்கு வந்தாள். தலையணை அடுக்கி அவரை உட்காரவைத்திருந்தோம். பஞ்சை அம்மா முன்பே எடுத்திருந்தாள். காமினி ஒரு குவளை தண்ணீரை அவர் முன்னால் காட்டி, "அங்கிள், இது என்ன? வேணுமா? கேளுங்க," என்றாள்.

அப்பாவின் உதடுகள் அசைந்தன. கழுத்து நரம்பு புடைத்தது. உள்ளேயிருந்து எதையோ இழுத்துக் கொண்டுவருவதுபோல் இருந்தது.

"தனுஜா," என்றார்.

தடித்த, ஈரமான குரல். ஆனால் பெயர் தெளிவாக இருந்தது. காமினி கைதட்டினாள். அப்பா கைதட்டவில்லை, சிரிக்கவில்லை. தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவர் கண்கள் விரிந்தன. தலையை ஆட்டினார். வேறு எதையோ சொல்ல மறுபடி வாயைத் திறந்தார்.

"தனுஜா. தனுஜா."

காமினி எங்களைக் கூடத்துக்கு அழைத்து விளக்கினாள். சிலருக்கு இப்படித்தான் ஆகும். ஒரே ஒரு சொல் திரும்பி வரும். தண்ணீர் வேண்டும் என்றாலும் அதுதான், வலிக்கிறது என்றாலும் அதுதான். உள்ளே ஒன்றை நினைப்பார், வாய் இதைச் சொல்லும். "சில பேருக்கு அப்புறம் வேற சொல்லும் வரும். சில பேருக்கு இதோடதான். பழகிக்கணும்." பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். "தனுஜாங்கிறது உங்க மகளா? எங்க இருக்காங்க? வரச் சொல்லுங்க ஆன்ட்டி. நேர்ல பாத்தா இன்னும் நல்லா வருவாரு."

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"வருவா," என்றாள் அம்மா.

காமினி போன பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். கூடத்து மேசையிலிருந்து கீழறைக் கதவு தெரியும். கட்டிலின் கால்மாடும், எதிர்ச் சுவரின் ஆணியும் தெரியும். அம்மா ரசம் வைத்திருந்தாள். அப்பளம் பொரித்திருந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தனுஜா."

காமினி காட்டிய தண்ணீரை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. குவளை சன்னல் விளிம்பில், அவர் இடது கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

"தனுஜா," என்றார் மறுபடியும். குரலில் கெஞ்சல் இருந்தது. அந்தக் குரலில் கெஞ்சலை நான் கேட்டதில்லை.

நான் நாற்காலியைத் தள்ளினேன்.

"உக்காரு கோகி."

உட்கார்ந்தேன்.

"தனுஜா. தனுஜா."

அம்மா ஒரு வாய் சாப்பிட்டாள். நன்றாக மென்று விழுங்கினாள். பிறகு, அறைப் பக்கம் திரும்பாமல், ஆனால் அங்கே கேட்கும்படி சொன்னாள்.

"யாரு? அப்படி யாரும் இந்த வீட்ல இல்லையே."

உள்ளே சத்தம் நின்றது. கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது. காமினி சரியாகத்தான் சொல்லியிருந்தாள். அவர் உள்ளேதான் இருந்தார்.

ரசம் ஆறிக்கொண்டிருந்தது. பிறகு அந்தச் சொல் மறுபடி வந்தது, இந்தமுறை மெதுவாக. அவரிடம் வேறு சொல் இல்லை.

அம்மா தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னொரு கரண்டி போடு," என்றாள்.